எந்தச் சேலம்

மாதம் ஆயிரத்து ஐநூறு ரூபாய்.
வேலை: தினமும் நாலிலிருந்து ஐந்து வரை
நோமினோடு இங்கிலீஷில் பேசுவது.
தமிழ் ஒரு சொல் வரக்கூடாது என்றார் துறைத்தலைவர்.
மங்கோலியன் கூடாதென்று சொல்ல
அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு வருடத் திட்டம்.
அவள் பல்கலைக்கழகம் ஒன்பது பேரை
லண்டனுக்கும் டப்ளினுக்கும் அனுப்பிவிட்டு
மிச்சப் பணத்தில்
ஒருத்தியை ஏற்காடு அடிவாரத்துக்கு அனுப்பியிருந்தது.
இரண்டு கம்பளிக் கோட்டுகளோடு
ஜூன் வெயிலில் வந்து இறங்கினாள்.
படிவத்தில் மலைவாசஸ்தலம் என்று இருந்ததாம்.

முதல் மாதம் முழுக்க
பிடிக்குமா, பிடிக்கும்.
தட்டுவடை செட் பிடிக்கும். ஹாஸ்டல் உப்புமா பிடிக்காது.
கருப்பூர் போகும் வழியில் வெள்ளைக் கரடுகளைக் கண்டு
ஓடும் பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள்.
ஸ்னோ, ஸ்னோ என்று என் தோளை உலுக்கினாள்.
மேக்னசைட் என்ற சொல் எனக்குத் தெரியும்,
அது என்னவென்று இங்கிலீஷில் விளக்கத் தெரியாது.
'நோ ஸ்னோ. கல்லு' என்றேன்.
அந்த ஒரு தமிழ்ச்சொல்லுக்கு
யாரும் சம்பளம் பிடிக்கவில்லை.

மார்கழியில் மலையேறினோம்.
பதினேழாவது கொண்டை ஊசியில் வாந்தி எடுத்தது நான்.
குதிரைமேல் வளர்ந்தவள்
ஜன்னலோரம் பொரி தின்றுகொண்டு வந்தாள்.
லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் கீழே ஊரே இல்லை.
இது என்ன, உங்கள் மொழியில்?
பனி.
எழுதிக்கொண்டாள்.
விடிகாலைப் புல்நுனியைக் காட்டி, இது?
பனி.
போனைத் திருப்பினாள்:
மைனஸ் முப்பத்தெட்டில் அவள் மாமா வீட்டுக் குதிரை,
இமை மயிரெல்லாம் வெள்ளை.
அதுவும் பனிதான்.
மூடு, துளி என்று ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்,
ஆனால் பனிதான்.
பேனாவை மூடினாள்.
உங்களுக்கு இன்னும் சரியாகக் குளிரவே இல்லை,
அவ்வளவுதான் என்றாள்
ஒரு பிழையில்லாத இங்கிலீஷில்.
திருத்த எதுவுமின்றி
சம்பளத்தைச் சும்மா வாங்கியது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் யார் யாரைத் திருத்துகிறோம் என்பது
குழம்பிப் போயிற்று.
அவள் வாக்கியத்துக்கு நடுவில் 'சும்மா' என்றாள்,
கடைசியில் 'ஒன்லி' போட்டாள்,
கேன்டீன் அண்ணனிடம் 'யு கிவ் ணா' என்றாள்.
அவள் 'ல' சொன்னால்
பல்லோரமாய்க் காற்று சீறும்.
பொங்கல் லீவு முடிந்து வந்தபோது
எனக்கும் சீறியது.
ஊரில் அம்மா, பல் ஏதாவது ஆடுதா என்று கேட்டாள்.

ஏப்ரலில் போனாள்.
ஜங்ஷனில் பெட்டி மூடவில்லை.
ஒரு கோட்டை உருவி என் கையில் போட்டுவிட்டு ஏறினாள்.
நாற்பது டிகிரியில் அதைச் சுமந்துகொண்டு
பஸ் ஸ்டாப் வரை வந்தவள் நான்.

தீபாவளி கழிந்து சேதி வந்தது.
சுரங்கக் கம்பெனியில் வேலையாம்.
இங்கிலீஷ் எங்கே படித்தாய் என்று கேட்டார்களாம்.
சேலம் என்றேன்.
ஓ, அமெரிக்கா என்றார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸாரி, டீ.

தேடிப் பார்த்தேன். இருக்கிறது.
ஒன்றில்லை, அமெரிக்காவில் ஏகப்பட்ட சேலம்.
கோபமா என்று கேட்டால், வந்தது,
ஐந்து ரோடு சிக்னல் பச்சை விழும் வரைக்கும்.
உன்னை யார் டீ போடச் சொன்னது என்று அனுப்பினேன்.
குதிரை ஒன்று சிரிக்கும் படம் திரும்பி வந்தது.

மாசியில் என் முறை.
பெங்களூரில் பதினாலாவது மாடி,
உள்ளே அவள் ஊர்க் குளிர்.
அந்தக் கோட்டைப் போட்டிருந்தேன்.
உங்கள் 'எல்' கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே,
வெளிநாட்டில் இருந்தீர்களா என்றார் நடுவில் இருந்தவர்.
ஒரு வருடம் என்றேன்.
எங்கே?
சேலம்.
அந்த மனுஷன் பேனாவைக் கீழே வைத்தார்.
முகமெல்லாம் மலர்ந்து,
அட, மாம்பழம்! என்றார்.
மூவரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
மைனஸ் முப்பத்தெட்டுக்குத் தைத்த கோட்டுக்குள்
வேர்த்து ஊற்ற.